ஊதா மை

குமராட்சி மினிபஸ்ஸில் வந்து இறங்கிய அன்புமணி, சிதம்பரத்தில் அக்கா எழிலரசி வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நனைந்தபடியே நுழைந்து பென் டிரைவை நீட்டினான்.

"அம்மா வூட்டுக்கு நம்ம ரெண்டு பேர் பேர்லயும் பட்டா கேட்டு எழுதியிருக்கேன்க்கா. அனுப்பி வுட்டுடு. டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கோப்பை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றது. அதற்கெல்லாம் அசருகிறவளா எழிலரசி? கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையாகவே தட்டி விண்ணப்பத்தை அனுப்பிவிடுவாள். ஒன்றில்தான் கவனம் வேண்டும். கோப்பின் பெயருக்கு முன்னால் @ குறி விட்டுப்போனால் வெறும் பெயர்தான் போகும், கோப்பு போகாது.

என்டர் தட்டினாள்.

'கோப்பு வரவில்லை.'

பார்த்தால், @ இல்லை. பசி மயக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு சேர்த்தாள். மறுபடியும் அதே பதில். மறுபடியும் @ இல்லை.

மதிய மழையில் அறை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ புகையிலை வாசனை. அம்மா இருமிக்கொண்டே போட்டுவந்த அதே புகையிலை.

இந்த முறை கண் எடுக்காமல் திரையையே பார்த்தாள்.

@ தானாக அழிந்தது.

கோப்பைத் திறந்தாள். மனு இல்லை, உயில். வீடு மொத்தமும் மகன் அன்புமணிக்கே. கீழே அம்மா அமிர்தத்தின் கைநாட்டு, ஊதா மையில்.

செத்துப்போன அம்மாவைக் குளிப்பாட்டும்போது கட்டைவிரலில் அந்த ஊதா இருந்தது. தேய்த்துத் தேய்த்தும் போகவில்லை. அதற்குச் சற்று முன்புதான், அம்மாவோடு தனியாக இருந்து அழ வேண்டும் என்றான் அன்புமணி. பாவமே என்று எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக் கொடுத்ததே அவள்தான்.

தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"பொணத்துக்கிட்டயாடா கைநாட்டு வாங்குன?"

அன்புமணி மெல்ல,

"அக்கா... ஒன் பக்கத்துல யாரு இருமறது?"

அறையில் அவளைத் தவிர யாருமில்லை.

பென் டிரைவைப் பிடுங்கிப் போட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. கீபோர்டில் @ இருக்கும் பொத்தான் மேல் ஊதாக் கட்டைவிரல் ரேகை. துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள்.

துடைத்த இடத்தில், ஈரமாக, மறுபடி பதிந்தது.