தொடக்கூடாத கிற்றார்

“ரெண்டே ரெண்டு சொட்டு சுப்பர் குளூ. ஒட்டிக் குடுத்தா மெல்ரோய்க்குத் தெரியவே வராது.”

“எனக்குத் தெரியும்தானே, அண்ணா.”

ஹரிசன் அண்ணா பசைக் குழாயின் மூடியைத் திறந்தேவிட்டான். ரூபிகா கிற்றாரை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, சோபாவின் மறுமூலைக்கு நகர்ந்தாள்.

அது அவளுடைய கிற்றார் இல்லை. அதுதான் சிக்கல்.

கிற்றார் வகுப்பில் சொந்தக் கிற்றார் இல்லாதவள் ரூபிகா மட்டும்தான். அதனால் கொட்டாஞ்சேனை மெல்ரோய் தன்னுடையதை ஒரு கிழமைக்குக் கொடுத்திருந்தான். வருகிற சனிக்கிழமை வகுப்பு நிகழ்ச்சியில் அவன் தனியாக வாசிக்கவேண்டும். இன்று செவ்வாய்.

சரஸ்வதி பூசைக்கு அம்மா புத்தகங்களோடு கிற்றாரையும் சுவரோடு சாய்த்து வைத்தார். அதன் தலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். “அப்பதான் உனக்குக் கை நல்லா ஓடும்” என்றார்.

பூசையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. மூன்று நாளும் குத்துவிளக்கு அதற்குப் பக்கத்தில் எரிந்தது. யாரும் தொடவில்லை. அதனால் யாரும் கவனிக்கவுமில்லை.

விஜயதசமியான இன்று காலை ஆசையோடு எடுத்து மீட்டினாள். ‘டொம்’ என்று தகரத்தில் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது.

கிற்றாரின் வயிற்றில் இருக்கும் வட்டத் துளைக்குள் ரூபிகா எட்டிப் பார்த்தாள். அந்தச் சின்ன இருட்டு அறைக்குள்தான் பாட்டுகள் எல்லாம் படுத்திருக்கின்றன என்று அவள் நினைப்பதுண்டு. உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழுது வெளியே இருந்தது. தந்திகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் கறுப்பு மரத்துண்டு, அதன் பெயர் பிரிட்ஜ், ஒரு பக்கம் மெல்ல மேலே கிளம்பியிருந்தது. விளக்கு இருந்த பக்கம். சூட்டில் அதை ஒட்டியிருந்த பசை இளகியிருக்கவேண்டும்.

சட்டைப் பையில் கிடந்த பஸ் ரிக்கற்றை அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தாள். பாதிவரை போனது.

பாடசாலைக் கயிறிழுத்தல் போட்டி அவளுக்கு ஞாபகம் வந்தது. எதிரணியினர் இழுத்த இழுப்பில் அவளுடைய சப்பாத்து மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அவள் போய்விட்டாள்!

“ஆறு தந்தியும் சேர்ந்து இந்தக் கட்டையை இழுத்துக்கொண்டு நிக்குது, அண்ணா. முதல்ல இழுக்கிறதை நிப்பாட்டவேணும்.”

முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தந்திகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

“அப்ப ஒட்டுறது?” என்றான் ஹரிசன்.

“மெல்ரோயிட்டச் சொல்லிப்போட்டுத்தான்.”

“சொன்னா இனி உனக்குத் தரவே மாட்டான், பார்.”

ரூபிகாவுக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

“ஐயோ, விளக்குக்குக் கிட்ட வைச்சது நான்தானே!” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

“இரவல் வாங்கினது நானம்மா. நானே சொல்லுறன். நீங்கள் கூட வாங்கோ.”

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பஸ்ஸில் அம்மா பக்கத்தில் இருந்தார்; கிற்றார் அவளுடைய மடியில் இருந்தது. சொல்லவேண்டியதை மனதுக்குள் பதினொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மெல்ரோய் கதவைத் திறந்ததும் பதினொன்றும் மறந்துபோயின.

“பிரிட்ஜ் கழண்டிட்டுது. பூசையில வைச்சது. விளக்குச் சூடு. சொறி, மெல்ரோய்.”

மெல்ரோய் கிற்றாரைப் பார்த்தான். சந்தனப் பொட்டைப் பார்த்தான். கழன்ற இடத்தை விரலால் மெல்லத் தடவினான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ரூபிகாவுக்குத் தோன்றியது.

அவனுடைய அக்கா றொசானா உள்ளேயிருந்து வந்தாள். தேவாலயப் பாடகர் குழுவின் கிற்றார்களைப் பழுது பார்ப்பவள் அவள்தான்.

“யாரு தந்தியைத் தளர்த்தினது?”

“நான்தான், அக்கா.”

“நல்ல வேல செஞ்சீங்க. இல்லாட்டி கட்ட முழுசாப் பிஞ்சு வந்திருக்கும். சுப்பர் குளூ கிளூ ஏதும் போட்டீங்களா?”

“இல்லை, அக்கா.”

“தப்பிச்சோம். அதப் போட்டா பிறகு சரியாக் கழட்டவும் ஏலாது, ஒட்டவும் ஏலாது.”

றொசானா தந்திகளைக் கழற்றினாள். மெல்லிய தகட்டால் பழைய பசையைச் சுரண்டினாள். மரப்பசையை உள்ளே செலுத்தி, கிளாம்ப்பால் இறுக்கினாள். ஓரமாகப் பிதுங்கி வந்த பசையை ரூபிகா ஈரத்துணியால் துடைத்தாள்.

“ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது” என்றாள் றொசானா. “வெள்ளிக்கிழம தந்தி போடலாம்.”

“எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு வைச்சுத்தான்...” என்று ரூபிகா மெல்லச் சொன்னாள்.

மெல்ரோய் கிற்றாரைப் பக்குவமாகத் தூக்கினான். வீட்டிலேயே பத்திரமான இடத்தைத் தேடிக்கொண்டு நடந்தான். கூடத்து மூலையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு மேசை இருந்தது. அதில் சாய்த்து வைக்கக் குனிந்தான்.

“அங்க வேண்டாம்!” என்று ரூபிகா கத்தினாள்.

மெல்ரோய் நிமிர்ந்தான். மேசையில், மாதாவுக்கு முன்னால், பெரிய மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

அவன் மெழுகுதிரியைப் பார்த்தான். ரூபிகாவைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. அடுத்த நொடி இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“பாத்தீங்களா அன்ரி, நானும் அதையேதான் செய்யப் போனேன்!” என்றான் மெல்ரோய், ரூபிகாவின் அம்மாவிடம்.

கடைசியில் கிற்றார் அவனுடைய கட்டிலிலேயே படுத்தது. இரண்டு நாளைக்குத் தான் பாயில் தூங்குவதாக மெல்ரோய் சொன்னான்.

புறப்படும்போது ரூபிகா ஈரத்துணியை எடுத்தாள். “பொட்டைத் துடைச்சுவிடுறன்.”

“வேணாம், இருக்கட்டும்” என்றான் மெல்ரோய். பிறகு காதைச் சொறிந்துகொண்டு அம்மாவிடம் கேட்டான். “அன்ரி, பூசையில வைச்சா கை நல்லா ஓடும்தானே? எனக்கு ‘எஃப்’ கோட் பிடிக்க விரல் இன்னும் சரியா வருதில்ல. அடுத்த வருசமும் என்ட கிற்றார ஒங்கட பூசையில வைப்பீங்களா? விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி?”