பாட்டிலில் யார் எச்சில்?

"பாம்... பாம்!" ஹாரன் அலறியதில் ஊரூர் ஒல்காட் குப்பத்துச் சந்தில் தூங்கிய நாய்கள் துள்ளி எழுந்தன. ஒரு வெள்ளை வேன் வந்து சுவரோரம் நின்றது.

அந்தச் சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வேனிலிருந்து இறங்கிய நர்ஸ் கீர்த்தியோ, பெரியவர்களிடம் ஆளுக்கொரு குட்டி பாட்டிலைக் கொடுத்து, "இதுல எச்சில் துப்பிக் குடுங்க" என்றார்.

பத்து வயது ஜான்சி குழம்பிப் போனாள். பள்ளியில் துப்பினால் திட்டு. இங்கே துப்பச் சொல்லி வேனே வருகிறதே!

அவள் அப்பா செபஸ்தியானும் ஒரு பாட்டில் வாங்கினார். கடலுக்குப் போனால் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். கொஞ்ச நாளாகக் கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. எரிகிறது என்று மீன்குழம்பையே ஒதுக்கிவிடுகிறார்.

அவர் ஜான்சியைப் படகு மறைவுக்கு இழுத்தார். "நீ துப்பு இதுல."

"நானா? உன் பேரு ஒட்டிக்கீதே, நைனா!"

"எச்சில்ல இன்னா உன்னுது, என்னுது? துப்பு கண்ணு."

துப்பினாள். அப்பா அதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜான்சி வேனுக்கு ஓடினாள். "அக்கா, எச்சிலை வெச்சு இன்னா பண்ணுவீங்க?"

"வாயில கேன்சர் ஆரம்பிச்சா, அதோட தடயம் எச்சில்ல இருக்கலாம். லேபுல தேடுவோம். சந்தேகம்னா டாக்டர் வாயைச் சோதிப்பாங்க. சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் சுலபம்."

"யாரு எச்சிலா இருந்தாலும் ஒண்ணுதானே?"

கீர்த்தி சிரித்தார். "அதெப்படி? உன் வாய்ச் சேதியை உன் எச்சில்தானே சொல்லும்!"

ஜான்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் சேதி இன்னும் அப்பாவின் வாய்க்குள்ளேயே இருக்கிறது!

"அக்கா... எங்க நைனா பாட்டில் தப்பாப் பூட்ச்சு. அத்த தூக்கிப் போட்டுட்டு வேற குடுங்க."

கீர்த்தி அவளைப் பார்த்தார். வலையருகே குனிந்திருந்த செபஸ்தியானையும் பார்த்தார். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு, புது பாட்டிலை நீட்டினார்.

ஜான்சி அதை அப்பாவிடம் கொண்டுபோனாள். "பெரிய அலையிலயே படகு தள்ற ஆளு நீ. இம்மாத்தூண்டு பாட்டிலுக்கு ஒளியிறியா?"

செபஸ்தியானின் கையில் ஊசி நின்றது. மெல்ல பாட்டிலைத் திறந்தார். "வாயே காஞ்சு கீது. எச்சில் வரல."

"கண்ண மூடு நைனா. பீச்சுல புளிப்பு மாங்கா. நீளமா கீறி, உப்பு, மொளகாத்தூள்..."

"ஐயோ, போதும்!" என்று சிரித்தார் அப்பா. பாட்டில் நிறைந்தது.

மூடியை இறுக்கியவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜான்சி, குடுக்க நீயும் வா. எனக்கு பயமா கீது."