விடச் சொல்லாத குரல்

ஸ்கேன் இயந்திரம் "மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, "இப்ப விடுங்க" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தது. கொஞ்சம்தான், ஒரு மிடறு தண்ணீர் இறங்கும் நேரம்கூட இருக்காது. ஆனால் டாக்டர் ஸாப்லோன் ஒடேரா அந்த இரண்டு வாக்கியங்களை வருஷக்கணக்காகக் கேட்டு வருபவர். நடுவில் உள்ள இடைவெளி அவருக்குத் தன் வீட்டுப் படிக்கட்டு மாதிரி, இருட்டிலும் கால் தடுக்காது. அன்று மத்தியானம் தடுக்கியது.

"பிலிஸ்தா, கேட்டியா?"

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த பிலிஸ்தா திரும்பவில்லை. "எதை டாக்டர்?"

"குரல் லேட்டா வருது."

"பதிவு பண்ண குரல் எப்படி லேட்டா வரும்? நீங்கதான் சாப்பாட்டுக்கு லேட்டு. பசியில காது அடைச்சிருக்கும். போய் ஒரு துண்டு மீனாவது வாயில போடுங்க."

மீன் என்றதும் ஒடேராவின் தொண்டை இறுகியது. கொஞ்ச நாளாகவே உகாலிக் களி நெஞ்சுக்குள் நின்று நின்றுதான் இறங்குகிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆராய்கிற ஆளுக்கு அது எதன் அடையாளம் என்று இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. சாவு பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் குரல் ரிஸ்பா அலூச்சுடையது. கிசுமு நகரில் மட்டுமல்ல, அதை ஒட்டிய பெரிய ஏரியைச் சுற்றி எந்த ஊரிலும் அதைத் தெரியாதவர் கிடையாது. சாயங்காலம் வானொலியில் அந்த ஊர்க்காரர்களின் லுவோ மொழியில் மரண அறிவித்தல் வாசித்தவள் அவள். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இந்த நாளில் அடக்கம் என்று ரிஸ்பா சொன்ன பிறகுதான் அங்கே ஒருவன் முழுசாகச் செத்ததாக அர்த்தம். இயந்திரம் ஆங்கிலம் மட்டுமே பேசிய காலத்தில் வயசாளிகள் ஒன்றும் புரியாமல் விழித்து, அசைந்து, படமெல்லாம் கலங்கிப் போகும். பிலிஸ்தாதான் ரிஸ்பாவைக் கூட்டிவந்து பேச வைத்தாள். சாவுச் செய்தி சொல்லும் குரலா என்று ஒடேரா இழுத்தார். "அவங்க சொன்னா பொணமே கேக்கும் டாக்டர்" என்றாள் பிலிஸ்தா. அவள் சொன்னபடிதான் நடந்தது.

பிறகு ஒரு நாள் ரிஸ்பாவே உணவுக்குழாயில் புற்றுக்கட்டியோடு அந்த மேசையில் வந்து படுத்தாள். தன் குரல் சொல்லத் தன் மூச்சைப் பிடித்தாள்.

கத்தி வைக்காமல், படத்தைப் பார்த்தே நோய் எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்ல முடியுமா என்பதுதான் ஒடேராவின் ஆய்வு. படத்தை வாசித்து, நிலையைச் சொல்லி, அந்த வாசிப்பைப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய பிறகு மாற்றினால் விடையைப் பார்த்து எழுதினான் என்றாகிவிடும். ரிஸ்பாவின் கழுத்தெலும்புக்கு மேலே நெறி கட்டியிருந்தது. நோய் பரவிவிட்டது, நான்காம் நிலை என்று பூட்டினார். நான்காம் நிலைக்கு அறுவை கிடையாது. வலி மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவள் வீட்டுக்குப் போன சில நாளில் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. "அந்த நெறியில ஊசி போட்டு எடுத்ததைப் பாத்தோம் டாக்டர். கேன்சர் இல்ல. டி.பி."

டி.பி. என்றால் மாத்திரைக்குக் கரையும் வீக்கம். புற்றுநோய் பரவவே இல்லை, உணவுக்குழாய்க் கட்டியை இன்னும் அறுத்து எடுக்கலாம், அவள் பிழைக்கக்கூடும். "சர்ஜன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார் ஒடேரா. சொல்லவில்லை. பூட்டியது பூட்டியதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூட்டு ஆய்வுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒரு பிழைகூட இல்லாத ஆய்வு என்ற பெயர் மீது அவ்வளவு ஆசை. ரிஸ்பா சொட்டுத் தண்ணீர் இறங்காமல் செத்தாள். அவளுடைய அறிவித்தலை வேறு யாரோ வாசித்தார்கள், அதையும் தப்பும் தவறுமாக.

அன்று மத்தியானம் அடுத்ததாக ஒபுரா என்ற கிழட்டு மீனவர் மேசையில் படுத்தார். இயந்திரத்தின் வளையம் சுழலத் தொடங்கியது. ஸ்பிரிட் நெடி, குளிர்சாதனத்தின் ஈரக்காற்று, விளக்கைச் சுற்றி மொய்த்துச் செத்துக் கிடக்கும் ஏரிப்பூச்சிகளின் மெல்லிய கவிச்சி, எல்லாவற்றுக்கும் அடியில் ஜெனரேட்டரின் உறுமல். மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க. ஒடேரா காத்திருந்தார். வளையம் சுழன்று முடிந்து நின்றது. குரல் வரவில்லை. அந்த அமைதிக்குள் யாரோ எச்சில் விழுங்கப் பார்த்து, முடியாமல், திரும்பவும் விழுங்கப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப விடுங்க."

ஒடேரா உள்ளே ஓடினார். ஒபுராவின் உதடு கறுத்துப் போயிருந்தது.

"ஏன் பெரியவரே இவ்வளவு நேரம் பிடிச்சீங்க? முடியலைன்னா விட வேண்டியதுதானே?"

"அந்தம்மா விடச் சொல்லலையே, மகனே." கிழவர் இரைக்க இரைக்கச் சிரித்தார். "அவங்க சொல்லாம எப்படி விடறது?"

"அவங்க செத்துப் போயாச்சு."

"தெரியும். நல்லபடியாச் செத்தவங்க போயிடுவாங்க. அநியாயமாச் செத்தவங்கதான் ஜாச்சியென்கிற பேயாத் திரும்பி வருவாங்க, செஞ்சவனைத் தேடிக்கிட்டு." அவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஒடேராவை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கு ஏன் மகனே இப்படி வேர்க்குது?"

படம் வாசிக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான். ஒடேரா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் அடுத்தடுத்த ஆட்களுக்குக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பிடிச்சுக்குங்க. ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீண்டது. அதற்குள் அந்த விழுங்கும் சத்தம், ஒவ்வொரு தடவையும் சுவருக்கு இன்னும் கிட்டத்தில். கடைசியில் அது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எச்சில் விழுங்கினார். இறங்கவில்லை.

வெளியே வந்து பிலிஸ்தாவிடம், "எனக்கு ஒரு ஸ்கேன் எடு" என்றார்.

அவள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா?"

"திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வை. படத்தை நானே பாக்கணும். குரலை இங்கிலீஷுக்கு மாத்திடு."

"நம்ம மொழி கசந்துடுச்சா டாக்டர்?" என்றபடி பிலிஸ்தா பொத்தானைத் தட்டினாள். "மாத்தியாச்சு. சாகறதுக்கு முந்தின நாள் ரிஸ்பா எனக்குப் போன் பண்ணாங்க. பேச்சே வரல, காத்துதான் வந்தது. டாக்டர் என் படத்தை மறுபடியும் பாத்தாரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பாத்திருப்பார்னு சொன்னேன். அப்போ எனக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் திறந்தது. நடைவழியில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பேர் காதில் விழும். ஒடேரா வாயை மூடிக்கொண்டு மேசையில் போய்ப் படுத்தார்.

மேசை உள்ளே நகர்ந்தது. ஆங்கிலக்காரன் ஒருவன் உயிரே இல்லாத குரலில் மூச்சை இழுக்கச் சொன்னான். ஒடேரா நெஞ்சு நிறைய இழுத்தார். பிடிக்கச் சொன்னான். பிடித்தார்.

வளையம் சுழன்றது. நின்றது.

அமைதி.

போதும் என்று மூச்சை விடப் பார்த்தார். விலா அசையவில்லை. வாயைத் திறந்தார். காற்று வெளியேறவில்லை. தலைமாட்டில் எச்சில் விழுங்கும் சத்தம். ஒரு தரம். இன்னொரு தரம்.

"மறுபடியும் பாத்தீங்களா டாக்டர்?"

லுவோ மொழி. அதே குரல். நிதானமான குரல்.

கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் திரையில் அவருடைய நெஞ்சு துண்டு துண்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை தூரத்திலும் அவருக்கு வாசிக்கத் தெரியும். உணவுக்குழாய் மெல்லிசாக, சுத்தமாக இருந்தது. கட்டி இல்லை. நெறி இல்லை. எதுவும் இல்லை. அவருக்கு ஒரு நோயும் இல்லை. சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. விடு, விட்டுவிடு என்று நெஞ்சுக்குள் கெஞ்சினார். சொல்லிடறேன், எல்லாருக்கும் சொல்லிடறேன். வாயில் சத்தம் வரவில்லை. பார்வையின் ஓரங்கள் கறுத்தன.

"ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறோம்" என்று குரல் தொடங்கியது. "ஸாப்லோன் ஒடேரா."

நடைவழியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிலிஸ்தா நாற்காலியை விட்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

குரல் அவருடைய அப்பாவின் பேரைச் சொன்னது. ஊரைச் சொன்னது. மனைவியின் பேரைச் சொன்னது. பிறகு பிள்ளைகளுக்கு வந்து, மூத்தவனிலிருந்து ஒவ்வொரு பேராக, அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டு போனது.