பசி ஊறும் இடம்

திஹுவானா நகரின் மேட்டுத் தெருவில், ஆண்டுக்கொருமுறை இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பும் நாளின் மாலையில், டாக்டர் ஒலிவாரெஸ் காரை நிறுத்தினார். இறந்துபோன நொயேமி வழி தெரிந்து வர, அவள் வீட்டு வாசலிலிருந்து கூடம் வரை துலுக்கச் சாமந்தி இதழ்களை உதிர்த்திருந்தார்கள். அவற்றை மிதிக்கக் கால் கூசி, ஓரமாகவே நடந்தார்.

கதவைத் திறந்தவள் நொயேமியின் அக்கா சாயோ. போனில் அவள் அழுத அழுகைக்குத்தான் வந்திருந்தார்.

பக்கத்து வீடுகளிலிருந்து மொளே குழம்பின் மணம் ஆளைத் தூக்கியது. இங்கே படையலில் மெழுகுவத்திகள், கன்னம் உப்பச் சிரிக்கும் நொயேமியின் படம், ஒரு தம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

"சாப்பாடு வைக்கலையா?"

"எப்படி வைக்கிறது டாக்டர்? ஆபரேஷன் முடிஞ்ச கையோட, திருட்டுத்தனமா தமாலே கொழுக்கட்டை தின்னுதானே செத்தா? நீங்கதானே சொன்னீங்க. அவ பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தலை நிமிர முடியல. 'உங்கம்மா தின்னே செத்தா'ன்னு கேலி பண்றாங்களாம்."

அவர்தான் சொன்னார். எடை குறைக்க வந்த நொயேமியின் இரைப்பையில் இடப்பக்கம் புடைத்திருந்த பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாகப் பின் அடித்து மூடியவர் அவர். மூடியபின் வாய்வழிக் குழாயில் நீலத் தண்ணீர் விட்டு, தையல் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்று அடுத்த அறையில் இன்னொருத்தி மயக்கத்தில் காத்திருந்தாள். அவசரம். பார்க்கவில்லை. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், இடது மேல் மூலையில், தையல் விட்டது. செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள் என்று பழியை அவள் வாயின் மேல் போட்டார்.

சாயோ குரலைத் தாழ்த்தினாள்.

"சாயங்காலமானா அடுக்களையில பானை மூடி உருளுது டாக்டர். 'அக்கா, பசிக்குது'ங்கிறா. என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா? பசி ஊறுற எடத்தையே வெட்டி எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் ஏன் பசிக்குது?"

அவர் பார்வையைப் படத்திலிருந்து திருப்பிக்கொண்டார்.

"ஏதாவது குடுக்கலாமா? நீங்க சொன்னாத்தான் குடுப்பேன். உங்க பேச்சை மீறினா அவளுக்கு மறுபடியும் ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"திரவ ஆகாரம் மட்டும்," என்றார், ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சொல்லும் வாய்ப்பழக்கத்தில். "கொஞ்சம் கொஞ்சமா."

சாயோ கோழிச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிப் படத்தின் முன் வைத்தாள். மெழுகுவத்திச் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அறுவை அறையின் ஸ்பிரிட் வாடை எங்கிருந்தோ வந்தது.

ஒரு மிடறு இறங்கும் சத்தம் கேட்டது.

இன்னொன்று.

கிண்ணத்தில் சாறு இறங்கிக்கொண்டிருந்தது.

படத்தின் கீழே வெள்ளைத் துணி நனைந்தது. ஈரம் நீளமாக, வாழைப்பழம்போல வளைந்து, அவர் மிச்சம் வைத்த இரைப்பையின் வடிவில் பரவியது. அதன் நிறம் நீலம். மேல் மூலையில் மட்டும் ஒரு இழை பிரிந்து, விளிம்பைத் தாண்டித் தரையில் சொட்டியது.

"என்ன டாக்டர் இது?" சாயோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன சொன்னாலும் நம்புவாள். இப்போதும் நம்புவாள். அந்த நம்பிக்கைதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

"அவ எதுவும் சாப்பிடல, சாயோ. தையல் ஒழுகிச்சு. நான் சரிபாக்காம விட்டுட்டேன். அவமேல பொய் சொன்னேன்."

சாயோ கையை விட்டாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை; படத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏன்டி, பசியோடயா நின்னே இத்தனை நாளும்? நானும் சேர்ந்து உன்னத் திட்டினேனேடி."

அடுக்களைக்குப் போனவள், பக்கத்து வீட்டார் கொடுத்திருந்த தமாலேயும் மொளேயும் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க கெளம்புங்க டாக்டர். அவ நிம்மதியா சாப்பிடட்டும். நாளைக்கு வந்து பிள்ளைங்ககிட்ட நீங்களே இதைச் சொல்லணும்."

"வரேன்," என்றார்.

காரில் ஏறியதும் வேறு நினைப்பு ஓடியது. பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது? நாளைக்கு அவசர ஆபரேஷன், வர முடியாது என்று சொல்லிவிட்டால் போயிற்று. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

இடது விலா எலும்புக்குக் கீழே சட்டை ஈரமாக இருந்தது.

விளக்கைப் போட்டார். காசளவு நீலக் கறை.

இன்னொரு மிடறு விழுங்கிப் பார்த்தார்.

கறை விரிந்து, சொட்டத் தொடங்கியது.