ஒரு கை புடிங்க

ஆத்தூர் அணைக்குப் போகும் ரோட்டிலிருந்து விலகி, பழைய வண்டிப்பாதையில் கார் இறங்கி நின்றபோது சாயங்காலம் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் மேற்கே மழை கட்டி நின்றதால் வெளிச்சம் முன்கூட்டியே சுருங்கிப் போயிருந்தது. தென்னந்தோப்புக்குள் அப்போதே இருட்டு. கதவைத் திறந்ததும் ஈர மண் வாடை உள்ளே வந்தது. அதற்குப் பின்னாலேயே, நனைந்த சாக்கு நாள்கணக்கில் கிடந்து புளித்த வாடை.

பொன்னழகு கடைசியாக இறங்கினான். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் லோடுமேன். பதினாறு வயதில் தலையில் ஏறிய மூட்டை இருபது வருஷமாக இறங்கவில்லை. லீவு நாளில்தான் முதுகை நீட்டிப் படுப்பான். அந்த நாளையும் மைத்துனன் பிரபு பிடுங்கிக்கொண்டான்.

பிரபுவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே குடும்பம் குடும்பமாக ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். லெட்டர்பாக்ஸிங் என்று பேர். காட்டிலோ பாறையிடுக்கிலோ யாராவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைப்பார்கள். உள்ளே ஒரு முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். துப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள், அந்த முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு, தங்கள் முத்திரையை டப்பா நோட்டில் குத்திவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது இந்தப் பக்கம் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருந்தான். இப்போது அக்கா மகள் தமிழ்மதி அதைத் தேட வேண்டும்.

"கண்டுபிடிச்சா என்ன கெடைக்கும் மாப்ள?"

"ஒண்ணும் கெடைக்காது மச்சான். தேடுறதுதான் வெளையாட்டு."

"ஒண்ணும் கெடைக்காததுக்கா இம்புட்டு டீசல ஊத்துன?"

முன் கதவைச் சாத்திக்கொண்டே அவன் மனைவி பவித்ரா சிரித்தாள். "அவருக்குத் தூக்குற வேலைன்னாத்தான்டா தம்பி புரியும். ராத்திரி தூக்கத்துலயும் 'ஒரு கை புடி, ஒரு கை புடி'ன்னு பொலம்புவாரு. இவ சின்னப்புள்ளயில அதக் கேட்டு எந்திரிச்சுப் போயி, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அவரு தலமாட்டுல நிப்பா."

"அம்மா, சும்மாரு." தமிழ்மதிக்குப் பத்து வயது. வெட்கப்படுகிற வயது. அவளும் ஒரு முத்திரை செய்து வைத்திருந்தாள். ரப்பரை பிளேடால் செதுக்கி, ஒரு சின்ன வெங்காயம். ஏன் வெங்காயம் என்று பிரபு கேட்டதற்கு, "அப்பா தூக்குறதுல்ல" என்றாள். பொன்னழகு அதைக் கேட்காதவன் மாதிரி தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் துப்புச் சீட்டை வாசித்தாள். "காலு ரெண்டு, நடக்காது. தல ஒண்ணு, பேசாது. இடுப்புல தேடு."

பொன்னழகு திரும்பினான்.

"சுமைதாங்கியிலயா கொண்டு போயி வச்ச?"

"மச்சான், அவ யோசிக்கட்டும்னு பாத்தா நீங்களே சொல்லிப்புட்டீங்க."

இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள், இறக்கிவிட ஆள் இல்லாத இடத்தில், அதில் சுமையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். யாருக்காக நடுகிறார்கள் என்பது பொன்னழகுக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்கு. இறக்க முடியாத சுமையோடு போனவள், ஊரார் சுமை இறங்குவதைப் பார்த்தாவது ஆறட்டும் என்று. சின்ன வயதில் அவனே அதில் விறகுக்கட்டைச் சாய்த்திருக்கிறான். இப்போது எல்லாரிடமும் வண்டி இருக்கிறது. அந்தக் கல்லில் யாரும் எதையும் இறக்கி வருஷக்கணக்காகிறது.

கடைசியாக அதில் இறக்கினது பிரபுவின் விளையாட்டு டப்பாதான்.

கல் தோப்பின் விளிம்பில், கருவேலங்கன்றுகளுக்கு நடுவில் நின்றது. தமிழ்மதி ஓடிப்போய், கால்கல்லுக்கும் தலைக்கல்லுக்கும் இடையிலிருந்த சந்தில் கையை விட்டாள். கை டப்பாவைத் தொட்டுவிட்டது. வெளியே வரவில்லை.

"தூக்க முடியலப்பா."

"சோத்து டப்பாவத் தூக்க முடியலயா? ரெண்டு வாய் கூடத் தின்னுட்டு வா."

அவன் கையை விட்டு இழுத்தான். முழங்கை வரை நரம்பு புடைத்தது. எடை விஷயத்தில் அவன் கை பொய் சொல்லாது. ஒரு அரை மூட்டை. இரண்டு கையாலும் வாங்கித் தரையில் வைத்தபோது டப்பா மண்ணில் அழுந்தி உட்கார்ந்தது.

திறந்தால், உள்ளே ஒரு மயில் முத்திரை, மைப்பெட்டி, கையடக்க நோட்டு. வேறொன்றும் இல்லை.

பிரபு நோட்டைத் திறந்து சந்தோஷப்பட்டான். "நமக்கு முன்னாடியே யாரோ வந்திருக்காங்க மச்சான். பாருங்க."

வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பதிவு. ஒரு பாதம். குதிகால், ஐந்து விரல். முழுசுமே ஒரு ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். மைப்பெட்டியில் இருந்தது நீல மை. பாதம் காய்ந்த செம்மண் நிறத்தில் இருந்தது.

"கைக்கொழந்தையோட வந்திருக்காங்கபோல. அது காலையே முத்திரையா வச்சிருக்காங்க. நல்லாருக்குல்ல?"

பவித்ரா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குள் தமிழ்மதி பாதத்துக்குப் பக்கத்திலேயே தன் வெங்காயத்தைக் குத்திவிட்டிருந்தாள்.

முதல் தூறல் விழுந்தது. "நீங்க போங்க, நான் வச்சுட்டு வாரேன்" என்றான் பொன்னழகு. மூவரும் காரை நோக்கி ஓடினார்கள். அவன் டப்பாவைக் குனிந்து எடுத்தான். இப்போது அது தீப்பெட்டி மாதிரி இருந்தது. சந்தில் செருகிவிட்டுத் திரும்பினான்.

தவளைச் சத்தம் நின்றது.

தென்னை ஓலைகள் நின்றன.

முதுகுக்குப் பின்னால், மூச்சிரைக்க ஒரு பொம்பளைக் குரல்.

"அண்ணே. ஒரு கை புடிங்க."

பேட்டையில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் யாரும் முகம் பார்ப்பதில்லை. கேட்டவன் எதிரியாக இருந்தாலும் சரி, காலையில் சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டவனாக இருந்தாலும் சரி. தலையில் பாரத்தோடு ஒருவன் கை கேட்டால் அவன் கழுத்து அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். யோசிக்கிற நேரத்தில் முறிந்துவிடும். அதனால் புத்திக்கு முன்னால் கை போய்விடும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட பொன்னழகின் கை போகாமல் இருந்ததில்லை.

கை போனது.

திரும்பிய வேகத்திலேயே இரண்டு கையும் தலைக்கு மேலே ஏந்தி நின்றன. எதிரே யாரும் இல்லை. மழைதான் இருந்தது.

அப்புறம் பாரம் வந்தது.

மூட்டைக்கு மூலை உண்டு. இதற்கு மூலை இல்லை. மெத்தென்று, ஈரமாக, வெதுவெதுப்பாக உள்ளங்கையில் இறங்கியது. கைகள் பழக்கத்தில் அதைத் தலைக்கு வாங்கிக்கொண்டன. அந்தப் புளித்த வாடை முகத்தில் வழிந்தது. கழுத்தெலும்பு ஒன்றன் மேல் ஒன்றாக உட்காருவதை அவன் கேட்டான்.

மழைக்குள் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். முதுகு நேராக, தலையில் ஒன்றுமில்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமேல் இருந்தது புரண்டு படுத்தது.

திரும்பி வரும் வழியில் பிரபு இரண்டு தடவை காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தான். "மச்சான் உக்காந்திருக்க பக்கம் டயர் அமுங்குது. பஞ்சரும் இல்ல" என்றான். பொன்னழகு இரண்டு கையாலும் கழுத்துக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பேட்டையில் ஜோடிக்காரன் முருகேசன் அவன் தலையில் மூட்டையை ஏற்றிவிட்டதும், பொன்னழகு முழங்கால் மடிந்து வெங்காயத் தோலுக்குள் விழுந்தான்.

"ஏப்பா, ராத்திரி எம்புட்டு ஊத்துன?"

"ஊத்தல."

"பெறகு ஏன் வெறுந்தலைய இப்படிச் சாச்சு வச்சிருக்க? என்னத்தத் தூக்கிட்டுத் திரியுற? சொல்லு, எறக்கி விடுறேன்."

சொல்லியிருந்தால் முருகேசன் கையை நீட்டியிருப்பான். அதனாலேயே பொன்னழகு சொல்லவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி ஆத்தூர் போனான். சுமைதாங்கியில் தலையைச் சாய்த்து நின்று பார்த்தான். கல் வாங்கிக்கொள்ளவில்லை. மேலே இருந்தது அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. அப்போது அவனுக்கு விளங்கியது. இது கல்லில் இறங்காது. இறங்கியிருந்தால் அவளே இறக்கியிருப்பாளே. கேட்டால் கை நீட்டுகிற ஆள் வேண்டும்.

வீட்டில் அவன் குனிந்தே நடந்தான். பின்கழுத்தில் எப்போதும் ஈரம். துடைத்தால் துண்டில் செம்மண் நிறம். நாளுக்கு நாள் அது கனத்தது. வளர்கிறது என்று நினைக்க அவனுக்கு மனசு வரவில்லை. பவித்ரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கழுத்தைப் படம் பிடித்துப் பார்த்துத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

ஒரு சாயங்காலம் தமிழ்மதி வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, நான் ஒரு கை புடிக்கட்டா?"

சும்மா கேட்டாளா, எதையாவது பார்த்துக் கேட்டாளா, தெரியவில்லை. அவள் கண் அவன் முகத்தில் இல்லை. முகத்துக்குச் சற்று மேலே இருந்தது.

"கையக் கீழ போடுடி."

"அப்பா..."

"கீழ போடுன்றேன்ல. என் பக்கத்துல வந்த, கால முறிச்சுப்புடுவேன்."

அந்தப் பிள்ளை அவனிடம் அப்படி ஒரு பேச்சுக் கேட்டதில்லை. அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினாள். தலைமேல் இருந்தது அவள் போன திசையில் எட்டிச் சாய்ந்தது. அந்தச் சாய்வில் பொன்னழகும் ஒரு அடி முன்னால் தள்ளாடினான்.

அதற்குப் பிடித்துவிட்டது. புதுக் கை.

அன்றிலிருந்து அவனுக்குப் பயம் பாரத்தைப் பற்றியல்ல. தூக்கத்தைப் பற்றி. தோப்பில் பவித்ரா சொல்லிச் சிரித்தது அவன் காதை விட்டுப் போகவில்லை. ராத்திரிகளில் பேட்டைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் விழித்தே உட்கார்ந்திருந்தான். காலையில் வந்து, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கதவைச் சாத்தி, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்குவான். அவள் வருவதற்குள் எழுந்துவிடுவான். கழுத்து முறிகிற வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம். முறிந்தால் அத்தோடு போகட்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் தூங்கினான். வெளியே மழை விடாமல் ஊற்றியது.

கண் விழித்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது.

கழுத்தைத் திருப்பினான். திரும்பியது. தோளைத் தூக்கினான். தூக்க முடிந்தது. பின்கழுத்தில் ஈரம் இல்லை. ஒரு நிமிஷம் அவன் வெறுமனே சந்தோஷமாக இருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வருகிற கொட்டாவி ஒன்று வந்தது.

அப்புறம் வாயில் வைத்த துண்டு மடியில் கிடப்பதைப் பார்த்தான்.

கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடப் பை வாசலில் நனைந்து கிடந்தது. மழைக்காக மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள்.

"மதி."

பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் அவள் நின்றாள். முதுகை நேராக வைத்து, தாடையை உள்ளுக்கு இழுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். பேட்டையில் அவன் நிற்கிற நிற்பு. குதிகால்கள் களிமண்ணில் புதைந்திருந்தன.

"யாரு தாயி உன்னக் கேட்டா?"

"நீங்கதானப்பா கேட்டீங்க. தூக்கத்துல." அவள் குரல் மூச்சிரைப்போடு வந்தது. "ஒரு கை புடின்னு."

பொன்னழகு சேற்றில் மண்டியிட்டுக் கைகளை நீட்டினான். "இங்க குடு. அப்பாகிட்ட குடு."

"குடுக்கத்தான்ப்பா பாக்குறேன்."

"குடு தாயி."

"வர மாட்டேங்குது. என் வெரலப் புடிச்சிக்கிச்சு."

அவன் எழுந்து, அவள் தலைக்கு மேலே வெறும் காற்றில் கையை நுழைத்தான். ஏதோ ஒன்று அவன் உள்ளங்கையில் பதிந்தது. வெதுவெதுப்பாக, மெத்தென்று. பதிந்து, அழுத்தி, உதைத்துத் தள்ளியது.

கையை இழுத்துக்கொண்டான். மழை கொட்டிய கொட்டலில் முழங்கை வரை சேறு கழுவிப் போனது. உள்ளங்கையில் மட்டும் போகவில்லை.

குதிகால், ஐந்து விரல். காய்ந்த செம்மண் நிறம்.