நோட்டில் எழுதியபடி

காலை ஒன்பதரை மணிக்கே மதியச் சாப்பாடு முடிந்துவிட்டதாக நோட்டில் எழுதியிருந்தது. 'செவ்வாய், ஒரு மணி: சோளக்களி அரைத் தட்டு, கீரை. விரும்பிச் சாப்பிட்டார்.' கட்டில் கம்பியில் கயிற்றால் கட்டித் தொங்கிய அந்தப் பராமரிப்பு நோட்டை நொமாலங்கா இரண்டு முறை படித்தாள். விரும்பிச் சாப்பிட்டவளுக்கு இன்னும் காலைத் தேநீரே வந்து சேரவில்லை.

விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். தினமும் வந்து அவளைக் கவனித்துக்கொள்ளும் மாசிபாண்டா நேற்றே வாரம் முழுவதையும் எழுதி, பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டாள். நாளுக்கொன்றாக, தன்னை வேலைக்கு அனுப்பும் கம்பெனிக்கு அனுப்பினால் போதும். கம்பெனி அதை இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிடும்.

"எங்க பெரியப்பா தவறிட்டாரு மேட்ரனம்மா. எங்க ஊரு லுபானே போயி அடக்கம் முடிச்சு வர நாலு நாள் ஆவும். ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். என் தங்கச்சிய அனுப்புறேன், தங்கமா பாத்துக்குவா." நேற்று இதைச் சொல்லிக்கொண்டே மாசிபாண்டா அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். "முகத்துலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்? பொணத்துக்குத்தான் பாதத்துலேர்ந்து. மறப்பேனா? நீங்க குடுத்த கொட்டு இன்னும் மண்டையில வலிக்குது."

இருவரும் சிரித்தார்கள். நொமாலங்கா இருபத்தாறு வருடம் புலவாயோ நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் மேட்ரன். மாசிபாண்டா அவளிடம் வேலை பழகியவள். எழுதாதது நடக்காதது என்பது அந்த வார்டில் அவள் போட்ட சட்டம். சுற்றுக்கு வந்தால் நோட்டை வாங்கி 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திட்டுப் போய்விடுவாள், கட்டிலில் கிடப்பவரை ஏறிட்டுப் பார்ப்பது அபூர்வம். இப்போது இடுப்பெலும்பு முறிந்து அவளே கட்டிலில் கிடக்கிறாள். தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது.

தங்கை வரவில்லை. வெளியிலிருந்து பூட்டிய கம்பிக் கதவு அப்படியே இருந்தது. மின்சாரம் போய், குளிர்பதனப் பெட்டியின் முனகலும் நின்று, அக்டோபர் மாதக் கோடை வெயிலில் தகரக் கூரை விரிந்து விட்டு விட்டுச் சொடுக்கும் ஓசையும், ஞாயிறு முதல் தண்ணீர் வராத குழாய்க்குள் காற்று புரளும் ஓசையும், சன்னலுக்கு வெளியே உதிர்ந்து அழுகும் ஜகரண்டாப் பூவின் மணமும்தான் அவளுக்குத் துணை. ஒரு மணி ஆனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நோட்டுச் சோளக்களியும் வயிற்றுக்கு உதவவில்லை.

இரண்டு மணிக்கு மகள் சினிகிவே கூப்பிட்டாள். போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது.

"சாப்ட்டியாம்மா?"

"யாரும் வரலடி. காலையிலேர்ந்து தனியாக் கெடக்கேன்."

"கீரையும் களியும் விரும்பிச் சாப்ட்டாங்கன்னு இப்பதானே மெசேஜ் வந்துச்சு."

"அவ நேத்தே எழுதி வச்சதுடி அது!"

"அம்மா, போன மாசமும் யாரும் வரலன்னு அழுத. அப்போ மாசிபாண்டா உன் தலைமாட்டுலயே நின்னுக்கிட்டிருந்தா. மறந்துடுறம்மா நீ. ஒரு பாட்டிய சேர்ல உக்கார வச்சிட்டுப் பேசிக்கிட்டிருக்கேன், அவங்களக் குளிப்பாட்டணும். சாயங்காலம்..."

போன் அணைந்தது. யாரோ ஒருத்தியின் தாயைக் குளிப்பாட்ட ஓடுகிறாள் மகள். பெற்றவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே கண் அசந்தாள்.

விழித்தபோது எதிரே சுவர் இருந்தது.

மல்லாந்து படுத்திருந்தவள் இப்போது ஒருக்களித்துக் கிடந்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று. அவள் சொல்லிக்கொடுத்த அதே முறை. வாயோரத்தில் ஏதோ இறுகிப்போய் ஒட்டியிருந்தது. நாக்கால் தொட்டாள். களி.

வயிறு மட்டும் காலையில் எரிந்த அதே பசியில் எரிந்துகொண்டிருந்தது.

"யாரு? தங்கச்சியா?"

கயிற்றைப் பிடித்து நோட்டை இழுத்தாள். 'மூன்று மணி: சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன்.' மாசிபாண்டாவின் கோழிக்கிறுக்கல். அது காலையிலும் இருந்தது. அதன் கீழே வெறும் கோடாக இருந்த இடத்தில் இப்போது வேறொரு வரி இருந்தது. மணி மணியான, சாய்ந்த எழுத்து.

'ஐந்து மணி: உடல் கழுவியாயிற்று. கண்கள் மூடப்பட்டன. தாடை கட்டப்பட்டது. அமைதியாக இருக்கிறார் என்று மகளுக்குத் தகவல் அனுப்பியாயிற்று.'

பக்கத்தின் அடியில், 'சரிபார்த்தேன்.' கையெழுத்து நொமாலங்காவுடையது.

நோட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மை வரவில்லை. அழுத்தி அடித்தாள். தாள் கிழிந்தது. கிழிசலுக்கு அடியில், மறுநாள் பக்கத்தில், அதே வரி.

"நான் உயிரோட இருக்கேன்!" என்று கத்தினாள். "என்னைப் பாரு! நோட்டைப் பாக்காத, என்னைப் பாரு!"

முதுகுக்குப் பின்னால், வறண்டு கிடந்த குளியலறையில், வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

நிறைந்தது.

நின்றது.

பச்சை சோப்பின் வாசனை. வார்டு வாசனை. வாளியின் கைப்பிடி ஆடும் கிணுகிணுப்பு. தரையில் ஈரக்காலடி, ஒன்று, இன்னொன்று. திரும்பிப் பார்க்க முடியவில்லை. முதுகுத் தலையணை மெல்ல உருவப்பட்டது. துணி பிழியும் சத்தம்.

முகம் முதலில். முகத்துக்கு வரட்டும். கடவுளே, முகத்துக்கு வரட்டும். கண்ணை இறுக மூடி, முகத்தை நிமிர்த்தி நீட்டிக் காத்திருந்தாள்.

சில்லென்ற ஈரத்துணி அவள் பாதத்தில் பட்டது. ஒவ்வொரு விரலாக, பொறுமையாக, அவள் சொல்லிக்கொடுத்த முறை பிசகாமல், துடைத்துக்கொண்டே மேலே ஏறியது.