பை மாட்ட ஓர் ஆணி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது. செல்போனில் ஒரு வீடியோ பார்க்க வேண்டியது, உடனே நானும் எலக்ட்ரீஷியன் என்று கிளம்பிவிட வேண்டியது.

வாயாடியின் மாமாவும் அப்படித்தான். பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக மாற்றிவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி. கூரைமேல் சோலார் தகடு. பெஞ்சுக்கு அடியில் பேட்டரி. அதிலிருந்து தடித்த ஒயர் சுவரோரமாக ஏறி இன்வெர்ட்டருக்குப் போகும்.

தாத்தாவுக்கு மட்டும் துளி நம்பிக்கை இல்லை.

"வெயிலைப் பெட்டியில அடைப்பானாம். காத்தைக் கோணியில கட்டுன கதைதான்!"

"அப்ப எதுக்குத் தாத்தா முதல் ஆளா ஏறி உக்காந்தீங்க?" என்றாள் வாயாடி. வயது பத்து. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

காலையெல்லாம் மேடு பள்ளத்தில் குலுங்கி, ஓர் ஏரிக்கரையில் போய் வண்டி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கரண்டுக் கம்பம்கூட இல்லை.

மதியம் வாயாடியின் குட்டித் தம்பிக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. அம்மா மருந்துப் புகை தரும் கருவியை எடுத்தார். மருந்தை ஊற்றி, அவன் முகத்தில் மூடியை வைத்து, சுவிட்சைத் தட்டினார்.

கருவி 'உர்ர்' என்றது. இன்வெர்ட்டர் 'கீ... கீ...' என்று கத்தியது. இரண்டும் நின்றுபோயின.

"அண்ணே! என்ன ஆச்சு?"

"பேட்டரி ஃபுல்லா இருக்கே! மீட்டரைப் பாரு!" மாமா அணைத்து மறுபடியும் போட்டார். உர்ர். கீ. அவ்வளவுதான்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் தாத்தா.

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா!" மாமா மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

தம்பியின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. "வண்டியை எடுண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றார் அம்மா.

"அந்த ரோட்டுல ஒரு மணி நேரம் ஆகுமே!"

தாத்தா வாயாடியைப் பார்த்தார். அவள் கண் வேனுக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கின்மேல் இருந்தது.

"மாமா, இன்னொரு தடவை போடுங்க."

உர்ர். விளக்கு மங்கியது. கீ.

"கருவி ஓடுனாத்தான் விளக்கு மங்குது. சும்மா இருந்தா நல்லா எரியுது. பேட்டரியில கரண்டு இருக்கு மாமா. வர்ற வழியிலதான் ஏதோ இடிக்குது." அவள் குனிந்து மோப்பம் பிடித்தாள். "ரப்பர் கருகுற வாசனை! எல்லாத்தையும் அணைங்க. நான் ஒயரைத் தொட மாட்டேன்."

மாமா சுவிட்ச் பக்கம் திரும்பினார். அப்போதுதான் தாத்தாவும் குனிந்து பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேட்டரியின் கறுப்பு ஒயரில் அவருடைய துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரேடியோ, டார்ச், பாட்டில் நிறையத் தண்ணீர். காலையில் மாட்ட ஓர் ஆணிகூடக் கிடைக்காமல் அவரேதான் அங்கே மாட்டினார். வழியெல்லாம் அது ஆடி ஆடி ஒயரை இழுத்திருக்கிறது.

வாயாடி தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா கூரையைப் பார்த்தார்.

"அணைச்சாச்சு!" என்றார் மாமா. அவர் திரும்புவதற்குள் பை தாத்தாவின் மடிக்கு வந்துவிட்டது.

"வண்டி குலுங்குனதுல கறுப்பு ஒயரோட நட்டு லூஸ் ஆயிருக்கும், பாருங்க மாமா."

மாமா விரலை வைத்தார். "அய்யோ, சுடுது! ஆமா, ஆடுது!" ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

உர்ர்ர்...

இன்வெர்ட்டர் கத்தவில்லை. மூடிக்குள் வெள்ளைப் புகை கிளம்பியது. அம்மா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல விசில் சத்தம் தேய்ந்தது.

மூடியை எடுத்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, ஏன் பையைக் கட்டிப் புடிச்சிருக்கீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பின்னே? இந்த வண்டியில எதை நம்பி வைக்கிறதாம்?" தாத்தா எழுந்து கீழே இறங்கினார்.

வாயாடி பின்னாலேயே ஓடி வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "மாமாகிட்டச் சொல்லி ஒரு ஆணி அடிக்கச் சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம். ஒரு பையைத் தாங்காத ஒயரு, ஊருக்கே கரண்டு குடுக்குமாக்கும்!"

முணுமுணுத்தபடி ஏரியைப் பார்த்து நடந்தார் தாத்தா. பையை இந்தத் தடவை தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார்.